28 ஆயிரத்தில் நின்ற சோதனை

ஜாபர் நெறிமுறையில் இயங்கும் ஈஜாபர்டி அரட்டைச் சர்வர்களின் சுமைச் சோதனை அறிக்கைகளில் ஓர் எண் அடிக்கடி தலைகாட்டுகிறது: 28 ஆயிரத்துச் சொச்சம். அதற்குமேல் இணைப்பு ஏறவில்லை, ஆகவே சர்வரின் கொள்ளளவு இவ்வளவுதான் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பழி சர்வர்மேல் விழுகிறது. லினக்ஸ் வெளிச்செல்லும் இணைப்புகளுக்கு இயல்பாக ஒதுக்கும் போர்ட்டுகள் 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232. ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து ஒரே சர்வரின் 5222ஆம் போர்ட்டைத் தட்டிக்கொண்டிருந்தால் அந்த எண்ணிக்கையோடு வழி அடைபட்டுவிடும். தீர்ந்துபோனது சோதிக்கும் இயந்திரத்தின் போர்ட்டுகள். அதற்கு இன்னும் நான்கு ஐ.பி. முகவரிகளைக் கொடுத்துவிட்டுப் பாருங்கள், எண் ஏறும்.

ஜாபருக்கென்றே 2001இல் எழுதத் தொடங்கப்பட்ட த்சுங் போன்ற நல்ல சுமைச் சோதனைக் கருவி கையில் இருந்தும் இந்தக் குழப்பம் தீரவில்லை. அளப்பது எதை என்ற கேள்வி முதலில் எழுவதில்லை. ஈஜாபர்டியின் கான்ஃபிக் கோப்பில் ஷேப்பர் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பயனரும் நொடிக்கு எத்தனை பைட் அனுப்பலாம் என்று கட்டுப்படுத்துவது. அதைக் கவனிக்காமல் வேகமாகச் செய்திகளைக் கொட்டினால் வரைபடத்தில் தெரியும் தாமதம் ஷேப்பரின் தாமதம். ஸ்க்ராம் முறையில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும்போது குறைந்தது 4096 முறை ஹாஷ் சுழற்றும் வேலை பெரும்பாலும் கிளையன்ட் தலையில் விழுகிறது. ஆயிரக்கணக்கான போலிப் பயனர்களை ஒரே பெட்டியில் ஓட்டும்போது மூச்சுமுட்டுவது அந்தப் பெட்டிக்குத்தான்.

இவையெல்லாம் ஒருமுறை தெரிந்துகொண்டால் தீர்ந்துவிடும் சங்கதிகள். தீராதது வேறு. அமைதியாகத் திறந்துகிடக்கும் இணைப்பு சர்வருக்குக் கொஞ்சம் நினைவகச் செலவு, அவ்வளவே. சர்வரைச் சாய்ப்பது மறு இணைப்பு. 50,000 பேர் இணைந்திருக்க, ஒவ்வொருவருக்கும் 40 தொடர்புகள் என்று வையுங்கள். சர்வரை மறுதொடக்கம் செய்தால் அத்தனை பேரும் சில நொடிகளுக்குள் திரும்பி வருகிறார்கள். டி.எல்.எஸ். கைகுலுக்கல், உள்நுழைவு, தொடர்புப் பட்டியல் இவற்றோடு, யார் இருக்கிறார் என்று சொல்லும் பிரெசென்ஸ் தகவல்கள் மட்டும் சுமார் 20 லட்சம். பயனர்களை நிதானமாக, நொடிக்குப் பத்துப் பேராக உள்ளே விட்டு, தொடர்புப் பட்டியலே இல்லாத கணக்குகளை வைத்து எடுத்த சோதனையில் இதன் நிழல்கூடத் தெரியாது.

அலைபேசிகள் வந்தபின் இந்த மறு இணைப்பு அன்றாடமாகிவிட்டது. சிக்னல் போன பயனரின் செஷனை ஈஜாபர்டி இயல்பாக 5 நிமிடம் காத்துவைக்கிறது. ஓடும் ரயிலில் இருப்பவர் அதற்குள் பலமுறை அறுபட்டு ஒட்டுவார். போலிப் பயனருக்குச் சிக்னல் போவதே இல்லை.

வாட்ஸ்அப் ஒரே சர்வரில் 20 லட்சம் டி.சி.பி. இணைப்பைத் தொட்டதாக 2012 ஜனவரியில் அறிவித்ததைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவ்வாண்டு வாட்ஸ்அப் பொறியாளர் ரிக் ரீட் எர்லாங் ஃபேக்டரி மாநாட்டில் பேசியதை அவ்வளவு பேர் கேட்டதில்லை. செயற்கைச் சுமையோடு அவர்கள் நிற்கவில்லை. உண்மையான போக்குவரத்தின் நகலையும் சோதனைச் சர்வருக்குத் திருப்பினார்கள். எல்லோராலும் அது முடியாது. குறைந்தபட்சம் பதிவுக் கோப்புகளைப் பார்த்துப் பயனரின் ஒரு நாளை எழுதலாம். எழுதும்போது செய்தி ஆங்கிலத்தில் 'ஹலோ'வாக மட்டும் இருக்க வேண்டாம். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யு.டி.எஃப்.-8இல் 3 பைட், ஸ்மைலி 4 பைட். மைஎஸ்கியூஎல்லின் பழைய 'யு.டி.எஃப்.8' அட்டவணை தமிழை ஏற்கும், ஸ்மைலியில் இடறும். அதைச் சோதனையில் கண்டுபிடிப்பது மலிவு.

ஒரு மணி நேரச் சோதனையில் சிக்காதவையும் உண்டு. ஈஜாபர்டியின் இயல்பான தரவுத்தளமான ம்னீசியாவில் ஆஃப்லைன் செய்திகள் டெட்ஸ் என்ற வட்டுக் கோப்பில் சேர்கின்றன. அந்தக் கோப்புக்கு 2 ஜி.பி. உச்சவரம்பு. அது நிரம்ப மாதங்கள் ஆகலாம்.

இனி இவ்விதழுக்கு வரும் சோதனைக் கட்டுரைகளில் சோதிக்கும் இயந்திரங்களின் சி.பி.யு. அளவும் ஐ.பி. எண்ணிக்கையும், கணக்குகளின் தொடர்புப் பட்டியல் அளவும் இருக்க வேண்டும். தாமதத்தைச் சராசரியாக அல்ல, 99ஆம் சதமானத்தில் தாருங்கள். உச்சச் சுமையில் சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்பினீர்களா, கடைசிப் பயனர் உள்ளே வர எவ்வளவு நேரமாயிற்று என்பது இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்புவோம்.