வம்புக்காரத் தாத்தாவைத் தேடி...

"அந்தாளு பேச்சை எடுக்காதே"ன்னு எங்க வீட்ல ஒரு கொள்ளுத்தாத்தாவை ஒளிச்சு வெச்சிருக்காங்க. உங்க வீட்லயும் ஒருத்தர் இருப்பார் :-)

பெரம்பலூர், அரியலூர்க்காரங்க பழைய திருச்சி மாவட்டக் கோப்புகள்லதான் தேடணும். பெரம்பலூர் தனி மாவட்டமானதே 1995ல். அரியலூர் 2001ல் பிரிஞ்சு, 2002ல் மறுபடி சேர்ந்து, 2007ல் திரும்பவும் பிரிஞ்சது.

ஒழுங்கா வரி கட்டினவருக்கு ஆவணத்துல ஒரு வரி. வம்பு பண்ணவருக்குப் பக்கம் பக்கமா இருக்கும். ஆனா எழுதினது எதிராளி! குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ல் சென்னை மாகாணத்துக்கு வந்து 1947ல்தான் ரத்தாச்சு. அதுவரை பட்டியல்ல உள்ள சாதியில பிறந்திருந்தாலே போதும், பேர் பதிவேட்டுல ஏறிடும்.

அதனால, போலீஸ் காகிதத்துல பேர் இருக்கேன்னு தாத்தாவைக் கைவிடாதீங்க. அவர் தரப்பை அங்க யாரும் எழுதலை. வீட்டுப் பெரியவங்ககிட்ட இப்பவே கேட்டுடுங்க. நானும் கேக்கப் போறேன், திட்டு விழுந்தாலும் சரி.