1.82 சதவீதமா, 14 சதவீதமா? கிரேட் நிக்கோபார் காட்டை எப்படி அளப்பது?

கிரேட் நிக்கோபார் திட்டம் பற்றிய விவாதத்தில் ஒரு எண் அடிக்கடி வரும்: 1.82%. அந்தமான் நிக்கோபாரின் மொத்த வனப்பரப்பில் இவ்வளவுதான் திட்டத்துக்குப் போகிறது என்கிறது மத்திய அரசு. கணக்கு சரிதான். சுமார் 7,171 சதுர கி.மீ. வனத்தில் 130.75 சதுர கி.மீ. என்றால் 1.82% தான் வரும்.

ஆனா, அதே 130.75-ஐ கிரேட் நிக்கோபார் தீவின் பரப்பான சுமார் 910 சதுர கி.மீட்டரால் வகுத்துப் பாருங்கள். 14 சதவீதத்தைத் தாண்டுகிறது. தீவில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. இரண்டில் எது சரியான அளவுகோல்? பல்லுயிர் வளம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

என்ன திட்டம் இது?

சரக்குப் பெட்டகங்களைக் கப்பல் மாற்றி அனுப்பும் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரம் என நான்கும் சேர்ந்தது. மொத்தப் பரப்பு 166.10 சதுர கி.மீ. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல் பாதை பக்கத்திலேயே இருப்பதால் வர்த்தகத்துக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் இது அவசியம் என்பது அரசின் வாதம். அதே நேரம், 9.64 லட்சம் மரங்கள் வரை வெட்டப்படலாம் என்று 2023-ல் நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது.

புதிய உயிரினம் எப்படி உருவாகிறது?

இரண்டு விஷயங்கள் வேண்டும்: பிரிவு, நேரம்.

ஒரு இனத்தில் சில உயிர்கள் மட்டும் எப்படியோ ஒரு தீவுக்கு வந்து சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நடுவில் கடல் இருப்பதால் பழைய கூட்டத்தோடு இனக்கலப்பு நின்றுபோகிறது. மரபணுவில் சின்னச் சின்ன மாற்றங்கள் வருகின்றன. அந்தத் தீவின் உணவுக்கும் மழைக்கும் ஒத்துவரும் மாற்றங்கள் நிலைக்கின்றன. ஆயிரக்கணக்கான தலைமுறைகள் கழித்து அது தனி இனமாகவே ஆகிவிடுகிறது.

கிரேட் நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் நடுவே ஆழ்கடல். அதனால்தான் உலகில் வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் இங்கே இருக்கின்றன. நிக்கோபார் மர மூஞ்சூறு, கிரேட் நிக்கோபாரிலும் பக்கத்து லிட்டில் நிக்கோபாரிலும் மட்டுமே வாழ்கிறது. உலகின் மிகச் சிறிய கழுகுகளில் ஒன்றான பாம்புக் கழுகும் இந்தத் தெற்கு நிக்கோபார் தீவுகளுக்கே உரியது.

இன்னும் சுவாரஸ்யமானது நிக்கோபார் மெகாபோட். இந்தப் பறவை அடைகாப்பதில்லை. கடற்கரையை ஒட்டிய காட்டில் மண்ணையும் இலைதழைகளையும் குவித்து முட்டையிடும். மக்கும் குவியலின் சூடே குஞ்சு பொரிக்கப் போதும். இதன் உறவுப் பறவைகள் இருப்பது கிழக்கு இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா பக்கம். இந்தியாவில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பறவை இது ஒன்றுதான். 2004 சுனாமி இதன் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைத்தது.

இப்போது வகுத்தல் கணக்குக்கு வருவோம். இந்த உயிரினங்களின் உலகம் ஒட்டுமொத்த அந்தமான் நிக்கோபார் இல்லை. தெற்கில் உள்ள சில தீவுகள்தான். இழப்பையும் அந்த எல்லைக்குள்தான் அளக்க வேண்டும்.

வேறு இடத்தில் மரம் நட்டால் ஈடாகாதா?

அந்தமான் நிக்கோபாரில் பெரும்பகுதி ஏற்கெனவே காடு. எனவே ஈடாகக் காடு வளர்க்க ஹரியானாவில் நிலம் ஒதுக்கப்பட்டது. ஆரவல்லிப் பகுதியில் மரம் நடுவது நல்லதுதான், அங்கே தேவையும் இருக்கிறது. ஆனா, இரண்டாயிரம் கி.மீட்டருக்கும் அப்பாலுள்ள வறண்ட நிலத்தில் மர மூஞ்சூறுக்கோ மெகாபோடுக்கோ இடமில்லை. மரத்துக்கு மரம் கணக்கு டேலி ஆகலாம். உயிரினத்துக்கு உயிரினம் ஆகாது.

கலாத்தியா விரிகுடாவிலும் இதே சிக்கல். ஏழுவரி ஆமை எனப்படும் லெதர்பேக் கடலாமைகள் இந்தியாவில் முட்டையிடும் முக்கியமான இடங்களில் இதுவும் ஒன்று. இங்கிருந்த சரணாலய அந்தஸ்தை நீக்க 2021 ஜனவரியில் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு ஒப்புக்கொண்டது. பதிலாக ஆமைக்கு லிட்டில் நிக்கோபாரிலும், மெகாபோடுக்கு மென்சால் தீவிலும் புதிய சரணாலயங்கள் வந்தன. அவை தேவைதான். ஆனா, கடலாமைகள் பொதுவாகத் தாங்கள் பிறந்த கரைப் பகுதிக்கே முட்டையிடத் திரும்புபவை. அரசாணை மாறியதற்காக அவை கரையை மாற்றிக்கொள்ளாது.

அப்போ என்னதான் வழி?

முதலில், அளவுகோலை மாற்ற வேண்டும். ஒரு திட்டத்தால் எத்தனை மரம், எத்தனை ஹெக்டேர் போகும் என்பதோடு, ஒவ்வொரு ஓரிடவாழ் உயிரினத்தின் வாழிடத்தில் எத்தனை சதவீதம் போகும் என்றும் அனுமதிக்கு முன்பே சொல்ல வேண்டும். இரண்டாவது, மிச்சமிருக்கும் காடு துண்டு துண்டாகாமல் இருக்க வேண்டும். சிறிய துண்டில் மாட்டிக்கொண்ட கூட்டத்தை ஒரு புயலோ நோயோ முடித்துவிடும். மூன்றாவது, அந்தக் காட்டையே நம்பி வாழும் ஷோம்பென், நிக்கோபாரி மக்களின் ஒப்புதல் பெயரளவில் இல்லாமல் உண்மையாகவே பெறப்பட வேண்டும்.

துறைமுகம் வேண்டுமா என்பது நாடு எடுக்கும் முடிவு. அதற்கு இரண்டு பக்கமும் வாதம் உண்டு. ஆனால் விலை என்ன என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். துறைமுகத்துக்கு வேறு இடம் தேடலாம். மர மூஞ்சூறுக்கு இந்தத் தீவுகளை விட்டால் வேறு இடம் கிடையாது.