வெந்நீர்த் தொட்டிக்கு எந்த மருந்து?

1999-இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், காட்சிக்கு வைத்திருந்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து பரவிய லெஜியோனெல்லா கிருமியால் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் அதில் குளிக்க வந்தவர்கள் அல்லர். பூப் பார்க்க வந்தவர்கள். காற்றில் மிதந்த நீர்த்திவலையைச் சுவாசித்தார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு ஹாட் டப் வாங்குகிறவர்கள் இதை மனத்தில் வைத்துத்தான் கிருமிநாசினியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 40 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும் நீர் அந்தக் கிருமிக்குத் தோதான இடம். குளோரினோ அந்தச் சூட்டில் சீக்கிரம் தீர்ந்துபோகும். மூடிபோட்டு வைக்கும் வீட்டுத் தொட்டிக்கு நான் புரோமினையே சொல்வேன். சூட்டையும் பிஎச் ஏற்ற இறக்கத்தையும் அது நன்றாகத் தாங்கும். வெயிலைத்தான் தாங்காது, திறந்த முற்றமென்றால் மூடி கட்டாயம். ஓசோன் கருவி இருந்தால் மருந்தே வேண்டாம் என்று விற்பவர் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். ஓசோன் கருவிக்குள் வரும் நீரைச் சுத்தம் செய்யும். தொட்டியில் தங்கிக் காவல் காக்காது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குளோரின் குறைந்தது 3 பிபிஎம், புரோமின் 4 முதல் 8 வரை இருக்கவேண்டும் என்கிறது. இறங்குமுன் சோதனைத் தாளை நனைத்து அந்த அளவைப் பார்த்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.