சலமான்காவில் சாப்பாட்டு மேஜைப் பாடம்

ஸ்பானிஷ் பாஷை கற்க ஸ்பெயின் தேசத்துக்குப் புறப்படும் பெண்ணிடம் பள்ளிக்கூடத்தார் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "விடுதியில் தங்குகிறாயா, குடும்பத்தோடு தங்குகிறாயா?" என்பது. "குடும்பத்தோடு" என்று பெண் எழுதிப் போட்டுவிடுகிறாள். பெற்றவளுக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கிறது. முன்பின் தெரியாத வீடு. என்ன மனிதர்களோ, என்ன சாப்பாடோ!

கவலை நியாயமானதுதான். ஆனாலும் நான் பெண்ணின் கட்சி.

சலமான்கா நகரத்தையே எடுத்துக் கொள்வோம். அங்கே உள்ள சர்வகலாசாலை 1218-ல் தோன்றியது. 2018-ல் அதற்கு எண்ணூறு வயது நிறைந்தது. ஸ்பானிஷ் பாஷைக்கு நெப்ரிஹா என்ற பண்டிதர் எழுதிய முதல் இலக்கணம் 1492-ல் அச்சானதும் இந்த ஊரில்தான். மாணவர்களை வீட்டில் வைத்துச் சோறு போடும் தொழிலும் ஸ்பெயினில் நேற்று வந்ததல்ல. கெவேதோ என்ற ஆசிரியர் 1626-ல் வெளிவந்த தம் நாவல் ஒன்றில், பிள்ளைகளைப் பட்டினி போட்டே பணம் சேர்க்கும் ஒரு விடுதிக்காரரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். அந்த ஆசாமியின் வீடு செகோவியா நகரத்தில். சலமான்காவாசிகள் நிம்மதிப் பெருமூச்சு விடலாம்!

இன்று இப்படி இடம் கொடுப்பவள் பெரும்பாலும் ஒரு குடும்பத் தலைவி. 'சென்யோரா' என்பார்கள். பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர் போயிருப்பார்கள். ஓர் அறை காலியாக இருக்கும். வாரத்துக்கு இவ்வளவு என்று பள்ளிக்கூடம் அவளுக்குப் பணம் கொடுக்கிறது. "காசு வாங்குகிறவளிடம் பாசம் ஏது?" என்று கேட்கத் தோன்றும். காசு வாங்குவதே நல்லது என்பேன் நான். இன்னொரு போர்வை வேண்டும், அறையில் குளிர்கிறது என்று பெண் கூசாமல் கேட்கலாம். சென்யோராவுக்கோ, ஆயுள் முழுவதும் இலவசமாகச் செய்து வந்த சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் யாரோ ஒருவர் கூலி தருகிறார்! பாசம் வருவதானால் அதற்குப் பிறகு வரட்டுமே.

பாடம் நடக்கும் இடம் சாப்பாட்டு மேஜை. காலையில் காப்பியும் ரொட்டித் துண்டும், இல்லாவிட்டால் பிஸ்கோத்தும், அவ்வளவுதான். பகல் சாப்பாடு இரண்டு, இரண்டரை, மூன்று மணிக்கு. இராச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். சாப்பிட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து விடக் கூடாது. உட்கார்ந்தபடியே ஊர் வம்பு பேச வேண்டும். அதற்கு 'சோப்ரெமேசா' என்று தனிப் பெயரே உண்டு. குளிர் காலத்தில் தரை வரை துணி தொங்கும் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்வதுண்டு. மேஜைக்கு அடியில் கணப்பு. முன்பு கரி, இப்போது மின்சாரம். கால் சுகமாகச் சூடேறும்போது வாயும் திறக்கும் போலிருக்கிறது! வகுப்பில் இறந்த காலம் என்பது ஒரு அட்டவணை. மேஜையிலோ, "இன்று என்ன செய்தாய்?" என்று ஒருத்தி கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக் கொண்டிருக்கிறாள். இறந்த காலம் தெரிந்தே ஆக வேண்டும்.

முதல் இரண்டு வாரம் மட்டும் கஷ்டம். சாதாரணக் கஷ்டமல்ல. சொந்த ஊரில் வாயாடி என்று பெயர் வாங்கிய பெண், இங்கே மூன்று வயதுக் குழந்தை போல் "தண்ணீர்", "தூக்கம்" என்று ஒற்றை வார்த்தையில் பேசுகிறாள். வீட்டார் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் தானும் சிரிக்கிறாள். இரவானால் தலைவலி. அப்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசத் தோன்றும். தாய்மார்களே, இங்கேதான் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: ஐந்து நிமிஷத்தில் வைத்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரம் சென்யோராவுக்குச் சேர வேண்டியது. உங்களுக்கும் கண் கலங்கும், எனக்குத் தெரியும்.

உச்சரிப்பில் நம் பெண்களுக்கு ஒரு சௌகரியம். ஆங்கிலேயர் திண்டாடும் மெல்லிய 'த' நமக்குக் கைவந்தது. 'ஞ'வும் அப்படியே. நம்மைப் போல் அவர்களுக்கும் ரகரம் இரண்டு: மெல்லச் சொன்னால் 'பெரோ', அதாவது 'ஆனால்'. அழுத்தி உருட்டினால் நாய்! 'கன்ஸாதா' என்றால் களைத்திருக்கிறேன். நடுவில் உள்ள 'ன்' விழுந்து 'கஸாதா' ஆனால், கல்யாணமானவள். கூச்சமாக இருக்கிறது என்பதற்கு ஆங்கில ஞாபகத்தில் 'எம்பராஸாதா' என்று சொல்லிவிட்டால் போச்சு. அதற்கு அர்த்தம் கர்ப்பிணி!

நீ, நீங்கள் வித்தியாசமும் உண்டு: 'தூ', 'உஸ்தேத்'. பெரியவளாயிற்றே என்று நம் பெண் 'உஸ்தேத்' போடுவாள். "என்னைக் கிழவியாக்காதே, தூ என்று கூப்பிடு" என்று சென்யோராவே சொல்வது இன்று ஸ்பெயினில் சகஜம். ஆனால் அவள் சொல்லும் வரை காத்திருப்பது அழகு. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது. சளி பிடிக்கும் என்பாள். வீட்டுக்கென்று ஒரு ஜோடி செருப்பு பெட்டியில் இருக்கட்டும். குளியலும் சுருக்கமாக இருக்கட்டும். பல வீடுகளில் வெந்நீர் காஸ் சிலிண்டரில் காய்கிறது.

சைவப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. சலமான்கா மாகாணம் பன்றித் தொடைக் கறிக்குப் பேர் போனது. "மாமிசம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், சூரை மீன் போட்ட சாலட்டோ, கறித் துணுக்கு தூவிய காய்கறியோ வரும். அவர்கள் கணக்கில் அது மாமிசமே அல்ல! மாமிசம், 'ஹமோன்', மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எது ஆகும், எது ஆகாது என்று புறப்படுமுன்பே பள்ளிக்கூடத்துக்கு எழுதிவிட வேண்டும். அதே கடிதத்தில் இன்னும் இரண்டு கேள்விகள்: வீட்டில் வேறு மாணவிகள் உண்டா, அவர்கள் ஆங்கிலம் பேசுகிறவர்களா? ஒத்து வராவிட்டால் வீடு மாற்றித் தருவீர்களா? இரண்டாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு பள்ளிக்கூடம் பாருங்கள்.

அங்கே போன பிறகு, 'லெந்தேஹாஸ்' என்ற பருப்புக் குழம்பு கொதிக்கும் நாளில் சமையலறைக்குள் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 'சொரீசோ' என்ற மசாலாக் கறியை அதில் போடுவதற்கு முன் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்தால் போதும். அதைக் கேட்க நாலைந்து வார்த்தை ஸ்பானிஷ் வேண்டும்.