அம்மாவுக்கும் புரியும்படி படைப்போம்

இறுதியாண்டில், ரப்பர் பால் உறையாமல் காப்பது குறித்து ஆய்வு செய்தேன். நடுவர்களின் கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் தடுமாறாமல் பதில் சொன்னேன். வீடு திரும்பியதும், சுங்கை பட்டாணிக்கு அருகே தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய அம்மா, "அப்படி என்னதாம்மா கண்டுபிடிச்ச?" என்று கேட்டார். அம்மோனியா என்ற சொல்லோடு நின்றுபோனேன்.

பிறகு மெதுவாகத் தமிழில் விளக்கினேன். "மழைத்தண்ணி கலந்த பாலுக்கும் இது உதவுமா?" என்றார். அந்தக் கேள்வியை என் ஆய்வில் நான் எழுப்பவே இல்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் ஒரு போட்டியைத் தொடங்கியது. ஆய்வு மாணவர்கள் 3 நிமிடத்தில், ஒரே ஒரு படத்துடன், துறை சாராதவருக்கும் புரியும்படி தங்கள் ஆய்வை விளக்க வேண்டும். இன்று அது பல நாடுகளில் நடக்கிறது. நம் தோட்டத்துக் கோவில் மண்டபத்தில் அதைத் தமிழில் நடத்தினால் என்ன?

சிந்தோக்கிலும் பீடோங்கிலும் பயிலும் தம்பி தங்கைகளே, சட்டமோ, கணக்கியலோ, மருத்துவமோ, வளாகத்தில் படைத்ததை ஊரிலும் ஒருமுறை படையுங்கள். கேட்க வரும் படிவம் மூன்று மாணவி, பல்கலைக்கழகம் தனக்கும் எட்டும் என்று நினைப்பாள்.