கூலி பேசக் கூச்சமேன்?

சென்ற வாரம் நமது மருமகள் முறையான பெண்ணொருத்தி நம்மைக் காண வந்தாள். படித்தவள்; தாயும் தம்பியும் அவளது உழைப்பையே நம்பியிருக்கின்றனர். வீட்டிலிருந்தவாறே, கடல் கடந்த நாட்டு வணிகரொருவருக்குக் கணினி வாயிலாகக் கடிதம் எழுதுதல், சந்திப்புகளை ஒழுங்கு செய்தல், கணக்குப் பதிதல் ஆகிய பணிகளைச் செய்ய முன்வந்திருக்கிறாள். இணையவழி உதவியாளர் என்பது இத்தொழிலின் பெயர். மணித்தியாலத்துக்கு எவ்வளவு என வணிகர் வினவியிருக்கிறார். "விரும்பியதைத் தாருங்கள்" என்று எழுதவிருந்தாள் அவள்!

சந்தையிலே கத்தரிக்காய்க்கு இருபது ரூபா குறைக்க வாதாடும் நம் பெண்கள், தம் உழைப்புக்கு விலை சொல்ல நாணுவது விந்தையன்றோ?

"கூடக் கேட்டால் ஆள் போய்விடுவாரே, மாமி?" என்றாள்.

"முதலில் கணக்கைப் போடுவோம், பிறகு பயப்படலாம்" என்றோம்.

குடும்பத்துக்கு மாதம் 150,000 ரூபா வேண்டும். மின்சாரம், இணையம், கணினி பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு 30,000. ஆக 180,000. மாதம் 160 மணித்தியாலம் உழைத்தாலும், வேலை தேடுவதும் விசாரணைகளுக்கு மறுமொழி எழுதுவதும் போக, கூலி கிடைப்பது 100 மணித்தியாலத்துக்கே. எனவே மணித்தியாலத்துக்கு 1,800 ரூபா கையில் வந்தாக வேண்டும்.

அவள் வேலை தேடும் 'பைவர்' தளமோ வருவாயில் 20 வீதத்தைக் கழித்துக்கொள்கிறது. "அப்படியானால் 20 வீதத்தைக் கூட்டி 2,160 கேட்கிறேன்" என்றாள். அங்கேதான் பலரும் தவறுகின்றனர். 2,160இல் 20 வீதம் கழிந்தால் எஞ்சுவது 1,728 மாத்திரமே. கேட்க வேண்டியது 2,250. டொலரொன்று 300 ரூபா எனக் கொண்டால் ஏழரை டொலர். 2025 ஏப்ரல் 1 முதல் இத்தகைய வெளிநாட்டு வருவாய்க்கும் வரி உண்டு என்பதையும் நினைவூட்டினோம்.

ஏழரை டொலர் என எழுதினாள். "மாதம் 450 டொலருக்கு மேல் இயலாது" என மறுமொழி வந்தது. அவள் முகம் வாடிற்று. விலையைக் குறைக்காதே, வேலையைக் குறை என்றோம். "அத்தொகைக்கு 60 மணித்தியாலம் உழைப்பேன், கடிதங்களும் சந்திப்புகளும் என் பொறுப்பு, கணக்குப் பதிதல் அதில் அடங்காது" எனப் பணிவாகவும் தெளிவாகவும் எழுதினாள். கூலி தரும் நாளையும் குறிப்பிடச் செய்தோம்.

தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பர் நம் முன்னோர். முகமறியாத வணிகரிடம் கூச்சம் எதற்கு?

இதை எழுதும்வரை அவரிடமிருந்து பதில் வரவில்லை. வராமலும் போகலாம். ஆயினும் அடுத்தவர் கேட்கும்போது நம் மருமகள் தயங்கமாட்டாள். தன் ஒரு மணித்தியாலத்தின் பெறுமதியை இப்போது அவள் அறிவாள்.