டீச்சர் ஏன் இத்தாலியப் பேய்ப்படம் பார்க்கிறார்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. கைவேலையை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

சென்ற மாதம் "பிளாக் சண்டே" என்ற பழைய இத்தாலியப் படத்தைப் பற்றி இங்கே நாலு வரி எழுதியிருந்தேன். வந்த பின்னூட்டங்கள் இரண்டு வகை. உறவுகள் பக்கமிருந்து, "சித்தி, இந்த வயசுல பேய்ப்படமா? நாலு கோயிலுக்குப் போய்ட்டு வரலாமே" என்று அக்கறை. மாணவர்கள் பக்கமிருந்து, "டீச்சர், அதெல்லாம் நாங்க கூட்டமா உட்கார்ந்து சிரிக்கிறதுக்குப் பார்க்கிற படமாச்சே, நீங்க என்ன பாடம் மாதிரி எழுதியிருக்கீங்க?" என்று கேலி. கோயிலுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். மற்றதற்கு இந்தப் பதிவு பதில்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மலிவுப் படங்களைச் சிரிப்பதற்காக மட்டும் பார்ப்பவர்கள் அதில் உள்ள நல்லதைத் தவறவிடுகிறார்கள். தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுபவர்கள் அதில் உள்ள கெட்டதை மறைக்கிறார்கள். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் இவை என்ன படங்கள் என்று தெரியாதவர்களுக்காக. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இத்தாலியில் சினிமாதான் ஜனங்களின் பொழுதுபோக்கு. 1955-இல் மட்டும் அந்நாட்டில் சுமார் 82 கோடி டிக்கெட் விற்றிருக்கிறது. நகரத்துப் பெரிய தியேட்டரில் முதல் வெளியீடு, அடுத்தது இரண்டாம் வெளியீடு, கடைசியில் சிற்றூர்களிலும் புறநகர்களிலும் மூன்றாம் வெளியீடு. அந்த மூன்றாம் வரிசைத் தியேட்டர்களுக்கு வாரம் தவறாமல் படம் வேண்டும். ஒரு படம் ஓடினால் அதே மாதிரி இருபது படம் எடுத்தார்கள். அந்த வரிசைக்கு "ஃபிலோனே" என்று பெயர். சுரங்கத்தில் தாது ஓடும் கோடு என்று பொருள். தாது தீரும்வரை தோண்டுவது, தீர்ந்ததும் அடுத்த கோட்டுக்கு நகர்வது.

1958-இல் ஸ்டீவ் ரீவ்ஸ் நடித்த "ஹெர்குலிஸ்" ஓடியது. உடனே கட்டுமஸ்தான புராண வீரர்கள் வரிசையாக வந்தார்கள். அது சலித்தபோது 1964-இல் செர்ஜியோ லியோனேயின் "எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்" வந்தது. பிறகு நூற்றுக்கணக்கில் கௌபாய் படங்கள். அதன்பின் "ஜல்லோ" என்ற கொலை மர்மப் படங்கள். ஜல்லோ என்றால் இத்தாலிய மொழியில் மஞ்சள். மொன்தாதோரி என்ற பதிப்பகம் 1929 முதல் மஞ்சள் அட்டையில் துப்பறியும் நாவல்கள் வெளியிட்டதால் அந்த வகைக்கே அப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1976-இல் தனியார் உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு நீதிமன்றம் வழிவிட்ட பிறகு தியேட்டர் கூட்டம் கரைந்தது. இந்தப் படத் தொழிலும் மெல்லத் தேய்ந்தது.

இனி எனக்கு ஏன் பிடிக்கிறது என்ற கதைக்கு வருகிறேன்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குத் துணைக்கருவி செய்வது ஒரு முக்கியமான வேலை. தீப்பெட்டி, தேங்காய்ச் சிரட்டை, பழைய காலண்டர் அட்டை, புளியங்கொட்டை. இதை வைத்துச் சூரியக் குடும்பமும் செய்ய வேண்டும், பின்னக் கணக்கும் சொல்லித்தர வேண்டும். மரியோ பாவாவின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு சிறந்த துணைக்கருவி ஆசிரியர்தான்.

பாவா 1914-இல் சான் ரேமோவில் பிறந்தவர். அப்பா எவ்ஜெனியோ பாவா சிற்பம் கற்று, பின் சினிமாவில் ஒளிப்பதிவும் தந்திரக் காட்சியும் செய்தவர். பிள்ளைக்கும் அதே கைத்தொழில். 1957-இல் வந்த "ஈ வாம்பிரி" படத்தில் ஒரு அழகி கேமரா முன்னாலேயே, வெட்டு இல்லாமல், கிழவியாகிறாள். இது எப்படி? நினைவிருக்கிறதா, சிவப்புக் கண்ணாடித் தாளைக் கண்ணில் வைத்துக்கொண்டு சிவப்புப் பென்சிலால் எழுதியதைப் பார்த்தால் எழுத்து மறைந்துபோகும் என்று வகுப்பில் செய்து பார்த்தோமே? அதேதான். நடிகையின் முகத்தில் சுருக்கங்களைச் சிவப்பு மையால் வரைந்துவிட்டார்கள். சிவப்பு வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அது தெரியாது. வெளிச்சத்தைப் பச்சைக்கு மாற்றினால் சுருக்கம் கறுத்துத் தெரியும். இந்த உத்தி ஹாலிவுட்டில் 1931-லேயே வந்ததுதான், பாவா கண்டுபிடித்ததல்ல. ஆனால் பணம் இல்லாத இடத்தில் எந்த உத்தி உதவும் என்று தெரிந்து எடுத்து வைத்தாரே, அது ஒரு நல்ல ஆசிரியரின் குணம்.

"கல்த்தீக்கி" என்ற 1959 படத்தில் எல்லாவற்றையும் விழுங்கும் ஒரு ராட்சத உயிர் வரும். கசாப்புக் கடையில் வாங்கிய மாட்டுக் குடலை வைத்து அதைச் செய்தார்கள். 1965-இல் "பிளானெட் ஆஃப் த வாம்பயர்ஸ்" எடுத்தபோது, வேறு ஒரு புராணப் படத்தில் மிஞ்சிய இரண்டு பிளாஸ்டிக் பாறைகள்தான் கையில் இருந்தன என்று பாவாவே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவற்றை இடம் மாற்றி மாற்றி வைத்து, கண்ணாடியில் பிரதிபலித்து, புகையையும் வண்ண விளக்கையும் போட்டு ஒரு கிரகத்தையே காட்டிவிட்டார். 1979-இல் வந்த "ஏலியன்" படத்தில், கைவிடப்பட்ட விண்கலத்தில் ராட்சத எலும்புக்கூட்டைக் காணும் காட்சி இந்தப் படத்தை நினைவூட்டுகிறது என்று விமர்சகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். 1971-இல் "பே ஆஃப் பிளட்" எடுத்தபோது கேமராவைத் தள்ளிக்கொண்டு போகக் குழந்தைகள் இழுத்து விளையாடும் வண்டியைப் பயன்படுத்தினார்.

இன்னொரு செய்தி கேளுங்கள். "டேஞ்சர்: டயபாலிக்" (1968) படத்துக்குத் தயாரிப்பாளர் தீனோ தெ லாரென்தீஸ் சுமார் 30 லட்சம் டாலர் ஒதுக்கினார் என்றும், பாவா சுமார் 4 லட்சத்திலேயே முடித்துவிட்டார் என்றும் பலமுறை சொல்லப்பட்ட கதை உண்டு. பணம் வந்தபோதும் அவருக்குச் செலவழிக்கத் தெரியவில்லை! நம் வீட்டுப் பெரியவர்கள் ஞாபகம் வருகிறதா?

அடுத்து லியோனே. கிளின்ட் ஈஸ்ட்வுட் அப்போது அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் நடிகர். சம்பளம் 15,000 டாலர். அமெரிக்காவின் மேற்குப் பாலைவனம் என்று நாம் நம்பியது ஸ்பெயின் நாட்டின் அல்மேரியா. அமெரிக்கப் படம் என்று ஜனங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக இயக்குநர் "பாப் ராபர்ட்சன்" ஆனார், இசையமைப்பாளர் மோரிகோனே "டான் சாவியோ" ஆனார். அகிரா குரோசவாவின் "யோஜிம்போ" (1961) கதையை அனுமதி கேட்காமல் எடுத்ததால் வழக்கு வந்து, வருமானத்தில் பங்கு கொடுத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. அதை நான் நியாயப்படுத்தவில்லை. பார்த்து எழுதினால் பார்த்து எழுதியதுதான்.

ஆனால் அந்தப் படத்தின் இசையைக் கேளுங்கள். விசில், சாட்டை வீச்சு, மணி, துப்பாக்கிச் சத்தம், நடுவே ஒரு கிதார். விசில் அடித்தவர் மோரிகோனேயின் இளமைக்கால நண்பர் அலெஸ்ஸாந்த்ரோனி. நூறு வயலின் வைத்து வாசித்திருந்தால் அது இன்னொரு ஹாலிவுட் படத்தின் இசையாக இருந்திருக்கும். கையில் இருந்ததை வைத்துச் செய்ததால் இதுவரை கேட்காத ஒன்று பிறந்தது.

நம் ஊருக்கும் இதன் காற்று வீசியது. என் வயதுக்காரர்களுக்கு ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான கர்ணன் எடுத்த "கங்கா", "ஜக்கம்மா" ஞாபகம் இருக்கும். இரண்டும் 1972-இல் வந்தவை, இரண்டிலும் ஜெய்சங்கர். குதிரை, தொப்பி, துப்பாக்கி எல்லாம் அந்த இத்தாலிய வழிதான். லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்த பையன்களே, நீங்கள் உயிராக நேசித்த டெக்ஸ் வில்லரும் இத்தாலியர்தான். 1948-இல் பொனெல்லி எழுத, கல்லெப்பினி வரைந்த பாத்திரம். எனவே "இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்" என்று யாரும் கேட்க வேண்டாம்.

சரி, சிரிக்கலாமா கூடாதா? சிரிக்கலாம். வாயசைவும் வசனமும் ஒட்டவே ஒட்டாது. அக்காலத்து இத்தாலியில் பெரும்பாலும் ஒலியைப் பிறகுதான் சேர்ப்பார்கள். ஒரே காட்சியில் அவரவர் தாய்மொழியில் பேசி நடித்தார்கள். லூச்சியோ ஃபுல்ச்சியின் 1979 படத்தில் கடலுக்கடியில் ஒரு சவம் சுறாவோடு சண்டை போடும். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த வேடத்தில் இருந்தவர் தண்ணீருக்குள் மூச்சடக்கி உண்மையான சுறாவின் பக்கத்தில் இருக்கிறார் என்று உறைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கணக்கில் விடை தப்பாக இருந்தாலும் வழிமுறைக்கு மதிப்பெண் போடுவோம் அல்லவா? விடையை மட்டும் பார்த்து முட்டை போடுகிறவர் நல்ல திருத்துநர் இல்லை. இந்தப் படங்களுக்குப் பலர் அப்படித்தான் முட்டை போட்டிருக்கிறார்கள்.

இப்போது மறுபக்கம். இதைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது.

ருஜ்ஜெரோ தியோதாதோ 1980-இல் "கானிபல் ஹோலோகாஸ்ட்" என்று ஒரு படம் எடுத்தார். காட்டுக்குப் போன படக்குழு காணாமல் போகிறது, அவர்கள் எடுத்த படச்சுருள் மட்டும் கிடைக்கிறது என்ற கதை. பிற்காலத்தில் "பிளேர் விட்ச்" போன்ற படங்கள் பிடித்துக்கொண்ட உத்தி. மிலானில் வெளியான சில நாட்களில் அதிகாரிகள் படத்தைப் பறிமுதல் செய்தார்கள். நடிகர்களை உண்மையாகவே கொன்றுவிட்டார் என்ற சந்தேகம் எழ, அவர்கள் உயிரோடு இருப்பதை இயக்குநர் நிரூபிக்க வேண்டி வந்தது. இந்தக் கதையை ரசிகர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது என்னவென்றால், நடிகர்கள் சாகவில்லை, மிருகங்கள் செத்தன. ஆமையும் குரங்கும் கேமராவுக்காக உண்மையாகவே கொல்லப்பட்டன.

"அந்தக் காலம் அப்படி, பணம் இல்லை, என்ன செய்வார்கள்" என்று ஒரு மாணவர் எனக்கு எழுதினார். இதை நான் ஏற்க மாட்டேன், தம்பி. பணமில்லாத பாவா குடலை வாங்கி ராட்சதன் செய்தார். பணமில்லாததால்தான் ஆமையைக் கொன்றேன் என்று யாரும் சொல்ல முடியாது. வறுமை கைவேலையைக் கற்றுக்கொடுக்கும். கொடுமையைச் செய்வது மனிதன் எடுக்கும் முடிவு. அந்தப் படத்தின் உத்தி எவ்வளவு புதிதாக இருந்தாலும் நான் அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜல்லோ படங்களில் அழகான விளக்கொளியில், அழகான உடையில், பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படுகிறார்கள். பாவாவின் "பிளட் அண்ட் பிளாக் லேஸ்" (1964) படத்தின் வண்ணங்களைப் பார்த்து வியந்த அதே நேரத்தில், இந்தக் கேமரா ஏன் இவ்வளவு நேரம் அந்தப் பெண்ணின் பயத்தில் நிற்கிறது என்றும் எனக்குக் கேள்வி வந்தது. வியப்பும் கேள்வியும் சேர்ந்தே வரட்டும். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிட வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் படங்கள் வேண்டவே வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

இவ்வளவும் எழுத உண்மையான காரணம் ஒன்று உண்டு. குறும்படம் எடுக்க ஆசைப்பட்டு, "நல்ல கேமரா இல்லை, லைட் வாடகைக்குப் பணம் இல்லை, அதனால் விட்டுட்டேன் டீச்சர்" என்று என்னிடம் சொன்ன பிள்ளைகள் ஒன்றுக்கு மேல். பெயர் சொல்ல மாட்டேன், படிக்கிறபோது அவர்களுக்கே தெரியும். உங்கள் கையில் இருக்கும் போன் பாவாவிடம் இல்லை. அவரிடம் இருந்தது இரண்டு பிளாஸ்டிக் பாறையும், வெளிச்சம் எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவும். அந்த அறிவு விலைக்குக் கிடைக்காது, ஆனால் இலவசமாகக் கற்கலாம். நான் அறுபதைத் தாண்டி, முட்டிவலித் தைலத்தைத் தடவிக்கொண்டு இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். முப்பது வயதில் நீங்கள் ஓய்வு பெறுவது எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, பெரியவர்களாக இருந்தால் மட்டும்: "பிளாக் சண்டே" (1960), பிரிட்டனில் 1968 வரை தடையில் இருந்த படம், இன்று பார்த்தால் ஒளிப்பதிவுதான் மிரட்டுகிறது, "எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்" (1964), "பிளானெட் ஆஃப் த வாம்பயர்ஸ்" (1965). மூன்றாவதைப் பார்க்கும்போது அந்த இரண்டு பாறைகளும் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். கண்டுபிடித்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள், திருத்தித் தருகிறேன்.

குறும்படத்தை விட்டுவிட்டவர்கள் பின்னூட்டம் போட வேண்டாம். எனக்குப் போன் செய்யுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்